சுதி சேர்ந்த இரண்டு காயில்கள்

பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு நேரே இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்த வளவுத் தூண்களுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதில் இரண்டு பித்தளைச் சொம்புகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். யார் வீட்டுத் துணியும் காயப்போட அல்ல. கம்பி இல்லாமல் மின்சாரம் அனுப்புவது பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பாதிப் பேச்சை இந்தச் சொம்புகளே பேசிவிடும்.

இரண்டும் ஒரே அளவு. தொங்கும் கயிறும் ஒரே நீளம். இடது சொம்பை மட்டும் ஆட்டிவிடுகிறேன். வலதைத் தொடவே இல்லை. கொஞ்சம் பொறுங்கள்... இதோ, இடது ஓய்ந்துவிட்டது, வலது முழு வீச்சில் ஆடுகிறது. விட்டுவைத்தால் ஆட்டம் மறுபடி இங்கே திரும்பும். இப்போது வலது சொம்பின் கயிற்றை ஒரு சாண் குறைத்துக் கட்டுகிறேன். ஆட்டினால்? சும்மா தலையை ஆட்டிவிட்டு நின்றுகொள்கிறது. நடுவிலிருக்கும் கயிறு அதேதான், நான் தள்ளிய வேகமும் அதேதான். இரண்டுக்கும் சுதி சேரவில்லை, அவ்வளவுதான்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வீணைக்குப் பேர்போன சகோதரர்களின் ஊர் இது. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். ஒரே சுதிக்குக் கூட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால், தொடாத மற்றதும் முனகும் என்பது வீணை பழகிய எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். கயிற்றைப் பழைய நீளத்துக்கே கட்டி, வலது சொம்பு ஒரு வாளித் தண்ணீரில் முங்கும்படி வைக்கிறேன். வந்து சேரும் ஆட்டத்தையெல்லாம் தண்ணீர் உடனுக்குடன் தின்றுவிடுகிறது. ஆக, சுதி சேர்ந்தால் மட்டும் போதாது. கைமாறும் வேகத்தைவிட வீணாகும் வேகம் குறைவாக இருக்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒரு விஷயம்தான்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மாறும் மின்னோட்டம் ஓடினால் பக்கத்துக் காயிலில் மின்சாரம் பிறக்கும் என்று 1831 இல் விஞ்ஞானி ஃபாரடே காட்டினார். டிரான்ஸ்பார்மர் அப்படித்தான் வேலை செய்கிறது. இன்டக்‌ஷன் அடுப்பும் அதே வழிதான். அங்கே பாத்திரமே இரண்டாவது காயில். தொல்லை என்னவென்றால் தூரம். காயிலை விட்டு விலகிப் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். செல்போனைச் சார்ஜ் பலகையில் கொஞ்சம் கோணலாக வைத்தாலே அது முரண்டு பிடிப்பது அதனால்தான்.

இங்கேதான் சுதி வருகிறது. காயிலோடு, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் அதுவும் ஒரு ஊஞ்சல். மின்சாரம் கண்டென்சருக்கும் காயிலுக்கும் நடுவே போய்ப் போய் வரும், தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில், அதாவது விநாடிக்கு இத்தனை தடவை என்று. அதே அதிர்வெண்ணுள்ள இன்னொரு காயில் எட்டத்தில் இருந்தால், நடுவே உள்ள பிணைப்பு நூலளவுதான் என்றாலும் ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே போய்ச் சேரும். யாரும் வாங்கிக்கொள்ளாத ஆற்றலில் பெரும்பகுதி, வானொலி அலைபோல வெளியே பறந்துவிடாமல் அனுப்பிய காயிலுக்கே திரும்பும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் மரின் சொல்யாச்சிச், சார்ஜ் போட மறந்த செல்போன் பீப் பீப் என்று கத்தித் தூக்கத்தைக் கெடுத்த ஒரு ராத்திரியில்தான் இதை யோசிக்கத் தொடங்கினாராம். 2007 இல் அவர் குழு, 60 செ.மீ. அகலமுள்ள இரண்டு செம்புக் காயில்களை 2 மீட்டர் தள்ளி வைத்து ஒரு 60 வாட் பல்பை எரியவைத்தது. அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 1 கோடி. காயிலிலிருந்து காயிலுக்குப் போனது 40 சதவீதம். ஆனால் சுவர் பிளக்கிலிருந்து இழுத்தது 400 வாட்! அந்தக் கணக்கில் பார்த்தால் தேறியது 15 சதவீதம்தான். மின் கட்டணம் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்காட்சியில் கைதட்டு வாங்குவது வேறு, வீட்டுக்கு உதவுவது வேறு.

அந்தக் காலத்துக் கண்டுபிடிப்பாளர் டெஸ்லா கோபுரம் கட்டினாரே என்று கேட்பீர்கள். நியூயார்க் பக்கம் 1901 இல் தொடங்கினார், பணம் வற்றிப்போனது, 1917 இல் இடித்தார்கள். சுதி சேர்க்கும் கலையில் அவர் மேதைதான். ஆனால் உலகம் முழுக்கக் கம்பியில்லாமல் மின்சாரம் தருவேன் என்ற அவருடைய கனவும் இதுவும் ஒன்றல்ல.

மேஜையில் இருக்கும் காயில்கள் நானே சுற்றியவை. போன வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். எல்.இ.டி. மினுங்கக்கூட இல்லை. கண்டென்சரை மாற்றினேன், சால்டரிங்கைப் பிரித்து மறுபடி வைத்தேன், ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. "இரும்புக் கட்டில்மேல பரப்பி வச்சிருக்கீகளே, அதனால இருக்குமோ?" என்றாள் வீட்டுக்காரி. அதேதான். கட்டிலின் இரும்பு சுதியையும் கலைத்து, ஆற்றலையும் குடித்துக்கொண்டிருந்தது. மர மேஜைக்கு மாற்றியதும் பளிச்சென்று எரிந்தது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிறவன் கதை இது.

இரண்டு காயில்களுக்கும் நடுவே தரைக்குப் பதிக்கும் ஒரு ஆத்தங்குடிப் பூக்கல்லை நிறுத்தினேன், விளக்கு மங்கவில்லை. சிவப்புப் பூவுக்குப் போடும் சாயம் இரும்பு ஆக்சைடுதானே என்று கேட்கலாம். அது துரு மாதிரி. மின்சாரத்தை எளிதில் ஓடவிடாது. எவர்சில்வர் தாம்பாளத்தை நிறுத்தினேன், பொசுக்கென்று அணைந்தது.

அப்படியானால் வீட்டு வயரையெல்லாம் பிடுங்கிவிடலாமா? வேண்டாம். கம்பி போகிற இடத்தில் கம்பிக்கு ஈடில்லை. காருக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியில் சார்ஜ் போட இது நன்றாகவே பொருந்துகிறது. அதற்கு 85 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 85 ஆயிரம் என்று அதிர்வெண்ணும் வகுத்துவிட்டார்கள், 90 சதவீதத்துக்கு மேல் தேறுகிறது. உடம்புக்குள் வைக்கும் கருவிகளுக்குத் தோலைத் துளைக்காமல் மின்சாரம் தரவும் இந்த வழியில் முயல்கிறார்கள். அங்கேயும் ஆற்றல் கடைசியில் போய் உட்காருவது பேட்டரியில்தான். அந்தப் பாதி வேலையை நம்மூர் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், பார்த்துக்கொண்டிருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம் அது.

சரி, பேசியது போதும். முற்றத்து விளக்கை அணைக்கச் சொல்கிறேன், பிள்ளைகள் முதலில் வரட்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மட்டும் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்கள் அந்தக் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள், அதுவும் எவர்சில்வர்தான்.