அழுதால் நோய் கூடிவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பெண்களுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் பணி. அந்த வார்டில் நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "அழாதே, மனதைத் தளரவிட்டால் நோய் கூடிவிடும்" என்பது. உறவினர்கள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்கும் பெண்ணுக்கு நோயோடு ஒரு பழியும் சேர்ந்துவிடுகிறது.

ஓர் அம்மாவுக்கு இரண்டாவது கீமோ முடிந்திருந்தது. கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடியை, மகள் கண்ணில் படாமல் காகிதத்தில் சுருட்டி எறிந்துகொண்டிருந்தார். என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நேற்று ராத்திரி குளியலறையில் அழுதுவிட்டேன். மருந்து வேலை செய்யாமல் போய்விடுமா?"

"போகாது அம்மா" என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை அது. நோய் உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவிவிட்ட 86 பெண்களை அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஆராய்ந்தார். வாரந்தோறும் குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1989-இல் எழுதினார். பலருக்கு அது பெரும் நம்பிக்கையைத் தந்தது. கனடாவில் அதே நிலையில் இருந்த 235 பெண்களிடம் அதை மீண்டும் சோதித்தார்கள். முடிவு 2001-இல் வெளிவந்தது. ஆயுள் நீளவில்லை. ஆனால் கூடிப் பேசியவர்களின் மனத்துயரம் குறைந்தது, வலியும் குறைவாகத் தெரிந்தது. அதிகம் வாடிப்போய் வந்தவர்களுக்கே பலனும் அதிகம். மனம் தேறியும் ஆயுள் மாறவில்லை என்றால், ஒரு ராத்திரி அழுகையா மருந்தைக் கெடுத்துவிடும்?

இதைக் கேட்டுச் சிலர் சோர்ந்துபோகிறார்கள். எனக்கோ இது ஒரு விடுதலையாகத் தோன்றுகிறது. மகிழ்ச்சியை வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரையாக்கி அந்தப் பெண்ணின் கையில் திணிக்க வேண்டியதில்லை. வலி குறைந்த ஒரு மாலைப்பொழுது, அது ஆயுளைக் கூட்டாவிட்டாலும், அவருக்கு உரியது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. சிகிச்சை முடிந்த வீட்டையும் மறந்துவிடாதீர்கள். பார்க்க வருபவர்கள் நின்றுபோவது அப்போதுதான். சிலருக்கு, ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டிய ஹார்மோன் சிகிச்சை மாத்திரையால் உடம்பு திடீர் திடீரெனக் கொதித்து வியர்க்கும். வெளியில் பார்த்தால் எல்லாம் சரியாகிவிட்டது போலவே இருக்கும்.

அந்த அம்மாவின் மகளிடம் சொன்னேன்: "அடுத்த முறை குளியலறைக் கதவைத் தட்டுங்கள். அழாதே என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்."

மூன்றாவது கீமோவுக்கு வந்தபோது அம்மாவே சொன்னார்: "இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். பிறகு எனக்குப் பசித்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரவை வறுத்து உப்புமா கிளறிக் கொடுத்தாள்."