சிவப்பு மை இல்லாத முப்பது நாள்

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது, சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் நான் தொண்டு செய்துகொண்டிருந்த ஒரு சின்ன அறக்கட்டளையில் தினமும் மதியம் ஒரு தெருவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோவோம். ஒரு நாள் ஒரு பெரியம்மா இரண்டு பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வேணாம்னு சொன்னா நீ வருத்தப்படுவே தம்பி, ஆனா பாங்கு சொல்றதுக்குள்ள இந்தச் சாம்பார் சாதம் ஊசிப்போயிடுமே" என்றார். ரம்ஜான் நோன்பு தொடங்கி அன்றைக்கு நான்காவது நாள். சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு, அதாவது தொழுகை அழைப்பு, கேட்ட பிறகுதான் சாப்பிடுவார்கள். நாங்கள் நான்கு நாளும் சரியாகப் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றிருக்கிறோம்! எங்கள் அலுவலகக் காலண்டரில் ரம்ஜானுக்குச் சிவப்பு மை இருந்தது, அதற்கு முந்தைய முப்பது நாளுக்கு ஒன்றும் இல்லை. அந்த மாதமும் பிறைக் கணக்கில் வருடத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருடத்து அட்டவணையைப் பார்த்துச் சமாளிக்க முடியாது.

அப்புறம்தான் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது. நோன்பு மாதம் முழுக்க அவர்கள் மயிலாப்பூரில் சமைத்து, சாயங்காலம் வண்டியில் ஏற்றி, திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஆயிரம் பேருக்கு மேல் நோன்பு திறக்கிற இடம் அது. இந்துத் தொண்டர்கள் தலையில் குல்லா போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள், முப்பது வருடங்களுக்கு மேலாக. சிந்துக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை, அவர்கள் கும்பிடுகிற ஜூலேலாலை அந்தப் பக்கத்து முஸ்லிம்களும் பீராக, அதாவது சூஃபி மகானாக, கொண்டாடுகிறவர்கள்தான். அந்தப் பள்ளிவாசலுக்கும் அப்படித்தான்: 1795இல் கட்டியபோது அதற்குப் பாரசீகத்தில் கல்வெட்டுக் கவிதை எழுதியவர் மக்கன்லால் என்கிற இந்து.

நான் இதில் கவனித்தது ஒன்றுதான். அவர்கள் தங்கள் இடத்துக்கு யாரையும் கூப்பிட்டு விழா எடுக்கவில்லை. அங்கே போய், அங்கே உள்ள நேரத்துக்கு, அங்கே உள்ள முறையில் வேலை செய்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? மூன்று குழந்தைகளுக்கு மூன்று மத வேஷம் போட்டு, கைகோக்கச் சொல்லி, ஃபிளெக்ஸ் அடித்து, போட்டோ எடுத்து முடித்துவிடுகிறோம். அந்த ஃபிளெக்ஸ் காசில் எத்தனை கிலோ பேரீச்சம்பழம் வாங்கலாம் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்தால் பொருளாளர் கோபித்துக்கொள்வார், விடுங்கள்.

சரி, நம் பகுதிக்கு வருவோம். கட்டட வேலைக்கு வந்திருக்கிற பீகார்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுத்தோம், நல்லதுதான். ஆனால் அவர்களுக்குப் பெரிய விசேஷம் தீபாவளி கழித்து ஆறாவது நாள் வருகிற சத் பூஜை. விரதம் இருக்கிற பெண்கள் ஏறக்குறைய 36 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, சாயங்காலச் சூரியனுக்கும் மறுநாள் விடியற்காலைச் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று அர்க்கியம் என்கிற காணிக்கை கொடுப்பார்கள். ஈரப்புடவையோடு அவர்கள் கரையேறும்போது நம் இனிப்புப் பெட்டியை வைத்து என்ன செய்வது? உடை மாற்ற நான்கு கம்பு நட்டு ஒரு தார்ப்பாய் மறைப்பு, இருட்டில் ஒரு விளக்கு, விடிகாலை நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போக ஒரு வண்டி, மேஸ்திரியிடம் பேசி அன்றைக்கு அரை நாள் லீவு. இதில் நமக்கு முடியாதது எது, சொல்லுங்கள். இதையும் நாமாக முடிவு செய்யாமல் முதலில் அந்தப் பெண்களிடமே கேட்டுவிடுவோம்.

இப்போது ஒரு தாளைச் சுற்றுக்கு விடுகிறேன். உங்கள் தெருவில் யார் யார் எப்போது விரதம் இருப்பார்கள், எந்த மாதத்தில் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்று தெரிந்ததை எழுதுங்கள். கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள், தவக்காலத்தில் கறி தவிர்க்கிறவர்கள், எல்லாமே. அடுத்த வருடச் சமையல் அட்டவணையை அதைப் பார்த்துத்தான் போடப்போகிறோம். பேனா இல்லாதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.