புறா காட்டிய கிணறு

நேயர்களுக்கு வணக்கம்.

வயிறு சரியில்லை, வாய் கசக்கிறது என்றால் நம் வீட்டுப் பாட்டிமார் யோசிக்காமல் சொல்வார்கள்: "பித்தம்." 1788 ஜூன் மாதம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடும் வயிற்றுவலி வந்தபோது, அவருடைய வைத்தியர் சர் ஜார்ஜ் பேக்கரும் அதையேதான் சொன்னார். மன்னருக்கு அப்போதுதான் 50 வயது நிறைந்திருந்தது. செல்டன்ஹாமுக்குப் போய் ஊற்றுநீர் குடிக்கலாம் என்று முடிவாயிற்று.

செல்டன்ஹாம் அன்று பெரிய ஊரில்லை. காட்ஸ்வோல்ட் குன்றுகளின் அடிவாரத்தில் ஒரே ஒரு பெரிய தெரு, அவ்வளவுதான். 1716வாக்கில் அங்கே ஒரு வயல் ஊற்றருகே புறாக்கள் கூடி எதையோ கொத்திக்கொண்டிருந்தனவாம். போய்ப் பார்த்தால், உப்புப் படிகம். இது ஊரார் சொல்லும் கதை. நமக்குத் தலபுராணம் இருப்பதுபோல அவர்களுக்கு இது. ஊரின் சின்னத்தில் இன்றும் புறா உண்டு. பிறகு ஹென்றி ஸ்கிலிகார்ன் என்ற கப்பல் கேப்டன் வந்தார். ஊற்றிருந்த நிலம் அவருடைய மனைவி வழியில் வந்தது. 1738இல் கிணற்றை ஆழப்படுத்தி, பம்பு வைத்து, மேலே கட்டடம் எழுப்பினார். பிறகு நடைபாதையின் இருபுறமும் எல்ம் மரங்களை நட்டார். அதே 1738இல்தான் ஜார்ஜும் பிறந்தார்!

தண்ணீரில் என்ன விசேஷம்? நாம் பேதி உப்பு என்கிறோமே, அந்த வகை உப்புகள்தான். குடித்தால் வயிறு கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். நம் ஊரில் விளக்கெண்ணெய் செய்த வேலை.

ஜூலை 12ஆம் தேதி ராணி சார்லட், மூத்த மகள்கள் மூவரோடு மன்னர் வந்து இறங்கினார். ஃபாகன்பெர்க் பிரபுவின் வீட்டில் ஜாகை. மெய்க்காவல் படை கிடையாது. காலை ஆறு மணிக்கே கிணற்றடிக்குப் போய்விடுவார். குடித்த கையோடு நடை. தெருவில் எதிர்ப்பட்டவர்களிடம் நின்று பேச்சு. அவரைப் பார்க்கவே சுற்று வட்டாரமெல்லாம் திரண்டது. தங்கிய வீடோ சின்னது. மகன் யார்க் கோமகன் வரப்போகிறார் என்றதும், ஊரின் மறுகோடியிலிருந்த ஒரு மரவீட்டைப் பெயர்த்து நகர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். கல்யாண வீட்டில் இடம் போதாமல் பந்தல் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் வீட்டையே தூக்கி வந்துவிட்டார்கள்!

ஐந்து வாரம் கழித்து, ஆகஸ்ட் 16இல் மன்னர் தெம்பாகத்தான் ஊர் திரும்பினார். அக்டோபரில் வலி மறுபடியும் பிடித்தது. நவம்பரில் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தார். பேச்சில் தொடர்பில்லை, தூக்கமில்லை. பித்தம் தலைக்கேறிவிட்டது என்று நாம் சொல்வோமே, கண்ணெதிரே அதுவே நடந்தது. செல்டன்ஹாம் தண்ணீர்தான் காரணம் என்றவர்களும் உண்டு. பாவம், கிணறு என்ன செய்யும்? அது போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் என்று 1960களில் சில மருத்துவர்கள் எழுதினார்கள். இல்லை, மனநோயே என்று பின்னால் வந்தவர்கள் மறுத்தார்கள். தண்ணீரைக் குற்றம் சொன்னவர் இரு தரப்பிலும் இல்லை. 1789 பிப்ரவரியில் மன்னர் தெளிந்தார்.

மருந்து குடித்தவர் மன்னர். குணம் கண்டது ஊர் என்பேன். மன்னரே குடித்த நீர் என்ற பேச்சு ஒன்று போதாதா? 1801இல் சுமார் 3,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1851இல் 35,000 பேர். வந்து குடியேறியவர்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஏராளம். நம் வெயிலிலும் அவர்களுடைய மதுவிலும் கெட்டுப்போன ஈரலை இந்தத் தண்ணீர் சரிசெய்யும் என்று நம்பினார்கள். இங்கே சம்பாதித்த பணம் அங்கே வெள்ளைவெளேரென்று மாளிகைகளாக நின்றது.

மன்னரோ அடுத்த கோடையில் அந்தப் பக்கம் போகவில்லை. 1789இல் கடல் குளியலுக்காக வேமவுத் போனார். சக்கரம் வைத்த மரவண்டியிலிருந்து இறங்கி அவர் தண்ணீரில் தலைமுழுகியதும், பக்கத்து வண்டிக்குள் ஒளிந்திருந்த வாத்தியக்காரர்கள், "கடவுள் மன்னரைக் காக்க" என்ற பாட்டை வாசித்தார்களாம். செல்டன்ஹாமையும் அன்றோடு தலைமுழுகிவிட்டார் போலும்.

வணக்கம்.