புதிய கணினி வரும்வரை: பழைய மேசைக்கணினியில் எதற்குச் செலவழிக்கலாம்?

[திரையில்: பக்கத் தகடு கழற்றப்பட்ட ஒரு பழைய மேசைக்கணினி]

வணக்கம். ஏழெட்டு ஆண்டுகளாக உழைத்த மேசைக்கணினி இப்போது திணறுகிறது. அடுத்த தலைமுறை ப்ராசசர் வந்ததும் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், ஆனால் அதுவரை அன்றாட வேலை நடந்தாக வேண்டும். இந்த இடைக்காலத்தில் பழைய கணினிக்கு எவ்வளவு செலவழிப்பது, எந்தப் பாகத்துக்குச் செலவழிப்பது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். என் அளவுகோல் ஒன்றுதான். இன்று வாங்கும் பாகம் நாளை புதிய கணினிக்கும் போகும் என்றால், நல்ல தரத்தில் புதிதாகவே வாங்குங்கள். பழைய மதர்போர்டோடு நின்றுவிடும் என்றால், செகண்ட் ஹேண்டில், தேவைக்கு மேல் ஒரு படிகூடப் போகாமல் வாங்குங்கள்.

முதலில் எது மூச்சுத் திணறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாக நீங்கள் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ப்ராசசர் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் கோளாறு சேமிப்பகத்தில் இருக்கிறது. ரேம் 90 சதவீதத்தைத் தாண்டியே நின்றால் அது போதவில்லை. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டு முழுச் சுமையில் இருந்தால் அதுவே எல்லை. கார்டு பாதி வேலையில் காத்திருக்க, ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஓரிரண்டு மட்டும் நிரம்பி வழிந்தால், எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் பயன் இராது.

[திரையில்: தூசி படிந்த ஹீட்சிங்க், அருகிலிருந்து]

பணம் எடுக்கும் முன் கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். இன்டெலின் பல மேசைக்கணினி ப்ராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை எட்டியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. ஆகவே ப்ராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைத் தூசி அடைத்து, இரண்டுக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்துபோனாலே கணினி மந்தமாகிவிடும். பேஸ்ட்டை மாற்றும்போது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசசரைப் பொருத்தும் இடம்) உள்ள மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அந்த ப்ராசசர்களில் பின்கள் சிப்பின் அடியிலேயே இருப்பதால், ஹீட்சிங்கும் விசிறியும் சேர்ந்த கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும், பின்களும் வளையலாம். கணினியைச் சிறிது நேரம் இயக்கிச் சூடேற்றி, அணைத்து, மின்வயரைக் கழற்றிய பின், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி தளர்ந்ததும் தூக்குங்கள்.

இனி சேமிப்பகம். இன்னும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே இயங்குதளம் தொடங்கும் கணினி உங்களுடையது என்றால், மற்ற எதையும் யோசிக்க வேண்டாம், சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியை வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கினுள் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி ஆகிறது. தேடும் தரவு, அதைப் படிக்கும் ஊசியின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். ஊசி இடம்பெயரும் நேரம் இதற்கு மேல். இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படி ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பதால்தான் திரை வெறுமனே நிற்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. இந்தக் காத்திருப்பு ஒரு மில்லி விநாடியில் சிறு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

எந்த வகை எஸ்எஸ்டி என்பதில்தான் நம் அளவுகோல் உதவுகிறது. மதர்போர்டில் எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் எம்.2 துளை இருந்து, அது என்விஎம்இ என்ற வேகமான வகையை ஏற்குமானால், தயங்காமல் என்விஎம்இ வாங்குங்கள். நான்காம் தலைமுறை என்விஎம்இ டிரைவை மூன்றாம் தலைமுறைத் துளையில் போட்டால் அது விநாடிக்கு 3,500 எம்பி அளவோடு நிற்கும். ஆனால் நாளை புதிய கணினிக்கு மாற்றும்போது தன் முழு வேகத்தையும் காட்டும், வாங்கிய பணம் வீணாகாது. 2014-க்கு முந்தைய பல மதர்போர்டுகள் என்விஎம்இ டிரைவிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்காது. அவற்றுக்கு, ஹார்ட் டிஸ்க்கைப் போலவே கேபிளில் இணையும் சாட்டா எஸ்எஸ்டிதான் சரி. விநாடிக்கு 550 எம்பி என்பது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருபவருக்குக் குறைவே அல்ல. எம்.2 துளையைப் பயன்படுத்தினால் ஓரிரு சாட்டா இணைப்புகள் செயலிழக்கும் மதர்போர்டுகளும் உண்டு, கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: டிடிஆர்4, டிடிஆர்5 ரேம்கள் அருகருகே, நடுவிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில்]

ரேம் இதற்கு நேர் எதிர். ரேமின் இரு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும், வெட்டின் இடம் வேறு, மின்னழுத்தம் வேறு. ஒன்று மற்றதன் துளையில் பொருந்தாது. ஏஎம்டியின் ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1851 ஆகிய புதிய சாக்கெட்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்பதால், இன்று வாங்கும் டிடிஆர்4 ரேம் அங்கே போகவே போகாது. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதையும் சேர்த்துப் பார்த்தால், செகண்ட் ஹேண்ட் ரேமே இங்கு நியாயமான தேர்வு. பொது வேலைகளுக்கு மொத்தம் 16 ஜிபி போதும். ஒற்றை ரேமாக இல்லாமல் ஒரே மாதிரியான இரண்டாகப் போடுங்கள்: 3200 வேக டிடிஆர்4 ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டும் தனித்தனிப் பாதையில், அதாவது இரண்டு சேனலாக, இயங்கினால் அது 51.2 ஆகும். நான்கு துளைகள் இருந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே சரியான இடங்கள். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில், ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கவும் மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அது 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

ப்ராசசரை மட்டும் மாற்றுவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஏஎம்4 வைத்திருப்பவர்களுக்கு அது வாய்த்திருக்கிறது: 2017-இல் வந்த ஏஎம்டியின் முதல் ரைசன் ப்ராசசர்களுக்கான மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை ஓடும். பழைய ப்ராசசர் உள்ளே இருக்கும்போதே அந்தப் புதுப்பிப்பை முடித்துவிடுங்கள். நடுவில் மின்சாரம் நிற்காதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் பக்கம் ஏமாற்றம் அதிகம். 6, 7-ஆம் தலைமுறைக்கும் 8, 9-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151 என்று ஒன்றாகவே இருந்தாலும், முன்னதன் மதர்போர்டில் பின்னது முறைப்படி இயங்காது.

கிராபிக்ஸ் கார்டு புதிய கணினிக்கும் போகும் பொருள்தான், ஆனால் பவர் சப்ளையோடு சேர்த்தே அதை யோசிக்க வேண்டும். கார்டைச் செருகும் மதர்போர்டுத் துளை 75 வாட் வரையே தரும். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 8 பின் இணைப்பு ஒவ்வொன்றும் 150 வாட். பத்தாண்டுப் பழைய, பெயரறியாத பவர் சப்ளையில் புதிய கார்டைப் பூட்டாதீர்கள். நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்கினால் அதுவும் அடுத்த கணினிக்குப் போகும். பழையதன் மாடுலர் (கழற்றி மாட்டக்கூடிய) கேபிள்களைப் புதியதில் செருகவே கூடாது: பவர் சப்ளைப் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது, கேபிள் பொருந்திவிட்டாலும் தவறான மின்னழுத்தம் பாய்ந்து டிரைவுகள் எரிந்துபோகலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேற்பட்ட ப்ராசசரும். பயாஸில் டிபிஎம் அணைக்கப்பட்டே கிடக்கும் கணினிகள் ஏராளம். இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள். ப்ராசசர் இந்த வரம்புக்குக் கீழே இருந்து, மாற்றவும் வழியில்லை என்றால், எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொண்டு லினக்ஸ் நிறுவுங்கள். மதர்போர்டையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் கூடவே ப்ராசசரையும் ரேமையும் மாற்ற வேண்டி வரும். அந்தப் பணத்தைப் புதிய கணினிக்கே ஒதுக்குங்கள்.

[திரையில்: கழற்றி வைக்கப்பட்ட ஹார்ட் டிஸ்க்]

புதிய எஸ்எஸ்டிக்கு எல்லாவற்றையும் நகலெடுத்த பின், பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். கழற்றித் தனியே வைத்துவிட்டு, சில வாரங்கள் எஸ்எஸ்டியில் மட்டும் வேலை செய்து, விடுபட்ட கோப்பு எதுவும் இல்லை என்று உறுதியானதும் டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.