விற்பனை டபுள் ஆச்சு, ஷேர் ஏன் பாதிக்கும் கீழ போச்சு? (உங்க கேள்விக்கு பதில்)

அடுத்த கேள்வி கோயம்புத்தூர்ல இருந்து. "அண்ணா, ஃப்ரெஷ்வொர்க்ஸ் நம்ம சென்னைல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனி, விற்பனை வருஷா வருஷம் ஏறுது, ஆனா ஷேர் ஐபிஓ விலைல பாதி கூட இல்ல, சீப்பா கிடைக்குதுன்னு எடுத்துப் போடலாமா"ன்னு கேட்டிருக்காரு.

வாங்குங்க, வாங்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு செபில பதிவு பண்ண ஆலோசகர்கள் இருக்காங்க. எங்க பாக்கணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த பாதி விலைங்கற கணக்க விடுங்க. 36 டாலர்ங்கறது 2021 செப்டம்பர்ல ஐபிஓல, அதாவது முதல் தடவ வெளி ஆளுங்களுக்கு ஷேர் வித்து அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச்சந்தைல வந்தப்ப, வெச்ச விலை. அந்த ரேட்ல மொத்த கம்பெனிக்கும் போட்டா சுமார் 10 பில்லியன் டாலர் வருது. 2021 முழுக்க அவங்க விற்பனை எவ்ளோ தெரியுமா, 371 மில்லியன். லாபம் இல்லங்க, விற்பனை! அதுல 27 மடங்கு. அதுவும் பத்தாதுன்னு முதல் நாளே 47 டாலர் தாண்டி முடிஞ்சுச்சு, ஏன்னா அப்ப அமெரிக்கால வட்டி கிட்டத்தட்ட ஜீரோ, சாஃப்ட்வேர்னு பேர் இருந்தாலே காசு கொட்டுன நேரம். 2022ல வட்டிய ஏத்த ஆரம்பிச்சாங்க, அந்த வருஷமே 15 டாலருக்குக் கீழ இறங்கிடுச்சு.

இப்ப 2024க்கு வாங்க. விற்பனை 720 மில்லியன், கிட்டத்தட்ட டபுள். வருஷக் கடைசில ஷேர் 16 டாலர் சுமாருக்கு. அந்த ரேட்ல மொத்த கம்பெனிக்கும் போட்டா, விற்பனைல 27 மடங்கு இருந்தது 7 மடங்கா சுருங்கிடுச்சு. கம்பெனி வளர்ந்துச்சு, 36ல வாங்கினவருக்கு ஒண்ணும் கிடைக்கல.

சரி, 7 மடங்குன்னா சீப்பான்னு கேப்பீங்க. அதுக்கு நான் பாக்குற நம்பர் வேற, நெட் டாலர் ரிடென்ஷன்னு போட்டிருப்பாங்க. போன வருஷம் 100 ரூபா கட்டின பழைய கஸ்டமருங்க எல்லாம் சேர்ந்து இந்த வருஷம் எவ்ளோ கட்டுறாங்க, விட்டுட்டுப் போனவங்களையும் கழிச்சுட்டு. ஐபிஓ சமயத்துல அது 118. 2024 முடியுறப்ப 103. இது சாதாரண விஷயம் இல்ல, முன்னாடி சும்மா இருந்தாலே பழைய ஆளுங்ககிட்ட இருந்து 18 கூடும், 2024 முடியுறப்ப 3 தான், மிச்ச வளர்ச்சி எல்லாம் புதுசா ஆள் புடிச்சுதான் வரணும், அதுக்கு சேல்ஸ் டீம், விளம்பரம்னு செலவு. இல்லன்னா வேற கம்பெனிய வாங்கணும், 2024ல டிவைஸ்42ங்கற கம்பெனிய வாங்கினாங்க, அந்த வருஷ வளர்ச்சில அதோட பங்கும் இருக்கு, அதக் கழிச்சுட்டுப் பாருங்க.

இன்னொன்னு, இதுல நிறைய பேர் குழம்புறாங்க. 2024ல நிகர நஷ்டம் 95 மில்லியன், ஆனா ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, அதாவது செலவெல்லாம் போக கைல மிஞ்சுற காசு, 150 மில்லியனுக்கு மேல பிளஸ். எப்படி நஷ்டத்துல இருக்கற கம்பெனி கைல காசு சேருது? பெரிய காரணம், சம்பளத்துல ஒரு பகுதிய ஷேராவே குடுக்கறாங்க. ஐபிஓ அப்ப 500 பேருக்கு மேல கோடீஸ்வரர் ஆனாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அதேதான், ஊழியருக்கு நல்ல விஷயம்தான், நான் குறை சொல்லல. கம்பெனி கைல இருந்து காசு போகாது, ஆனா ஷேர் எண்ணிக்கை கூடும், உங்க பங்கு கரையும். அப்புறம் 2024 நவம்பர்ல 400 மில்லியனுக்கு பைபேக், அதாவது கம்பெனியே தன் ஷேர சந்தைல திரும்ப வாங்கறது, அறிவிச்சாங்க, அதே சமயத்துல 660 பேர வேலைய விட்டும் எடுத்தாங்க. பைபேக்னு கேட்டதும் சந்தோஷப்படாதீங்க, மொத்த ஷேர் எண்ணிக்கை நெஜமாவே குறைஞ்சுதான்னு பாருங்க, புதுசா குடுத்தத ஈடுகட்டவே அந்தக் காசு போயிருக்கலாம்.

இதெல்லாம் 10-கேன்னு ஒரு ஆண்டறிக்கைல வருஷா வருஷம் அமெரிக்க பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்புகிட்ட ஃபைல் பண்றாங்க, அவங்க சைட்லயே ஃப்ரீயா இருக்கு. நம்ம சென்னை கம்பெனிங்கற பாசம் எனக்கும் உண்டு, ஆனா அது அந்த ஃபைல்ல எந்தப் பக்கத்துலயும் வராது. சரி, அடுத்து எஸ்ஐபி பத்தி ஒரு கேள்வி இருக்கு, பாத்துடலாம்.