பயனிலை கேட்கவில்லை

(தமிழாசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். இலக்கணம் கற்பிப்பது பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். நான் நாடக வகுப்புக்குப் போன கதையைச் சொல்லப்போகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான் என்பது எனக்கே 46 வயதில்தான் தெரிந்தது.

முதலில் தொண்டை போனது. ஒன்பதாம் வகுப்பில் 62 பிள்ளைகள், தலைக்கு மேல் டகடகவென்று ஓடும் மின்விசிறி, சுவருக்கு அந்தப் பக்கம் கணக்கு வாத்தியார். ஒரு நாளைக்கு ஆறு பீரியட் கத்துவேன். ஒரு மார்கழியில் குரல் கம்மியது. தை பிறந்தும் திரும்பவில்லை. மிளகுப்பால், அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாகச் சின்னக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிறவர் உள்ளங்கை காய்க்கிறதல்லவா, அந்த மாதிரி. "இரண்டு வாரம் பேசவே பேசாதீர்கள். ரகசியம் பேசுவது மாதிரியும் பேசாதீர்கள், அதுவும் நாண்களை இறுக்கும். அப்புறம் யாரிடமாவது போய்ப் பேசக் கற்றுக்கொள்ளுங்கள்." 19 வருடம் பேசிப் பிழைத்தவனிடம் இதைச் சொன்னால் கோபம் வராதா? வந்தது. ஆனாலும் போனேன்.

எங்கள் ஊரில் சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கிற ஒரு நாடக வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் இருபதை ஒட்டிய பிள்ளைகள். பாதிப் பேருக்கு சினிமாக் கனவு. நானோ தொண்டைக்கு மருந்து தேடி வந்தவன். முதல் நாள் வசனம் எதுவும் கிடையாது. தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, ஆளுக்கொரு தடித்த புத்தகத்தை வயிற்றின் மேல் வைத்தார்கள். மூச்சை இழுத்தால் புத்தகம் ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும், மார்பும் தோளும் அசையக்கூடாது. எனக்கு நேர்மாறாக நடந்தது. தோள்தான் காதுவரைக்கும் ஏறியது. அப்புறம் 'ஸ்ஸ்' என்று சீராக மூச்சை விட்டுக்கொண்டே நேரம் பார்த்தோம். முதல் நாள் எனக்கு 11 நொடி. பக்கத்தில் படுத்திருந்த பையனுக்கு 30.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, புத்தகம் தானாக ஏறி இறங்க ஆரம்பித்த அன்றைக்கு, படுத்தபடியே எனக்கு ஒரு வரி ஞாபகம் வந்தது. 'உந்தி முதலா முந்துவளி தோன்றி.' தொல்காப்பியம், எழுத்ததிகாரம், எழுத்தொலிகள் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று சொல்லும் பிறப்பியல். எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டையும் பிள்ளைகள் ஒப்பித்தால் மதிப்பெண். உந்தி என்றால் கொப்பூழ், வளி என்றால் காற்று என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். காற்று நுரையீரலில்தானே இருக்கிறது, கொப்பூழில் எங்கே வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிறு முன்னால் தள்ளும். பேசும்போது அந்த இடத்திலிருந்துதான் காற்று கிளம்புவதுபோல உடம்புக்குத் தோன்றும். அதைச் சொன்னவர் தன் வயிற்றில் கை வைத்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

தாடையைத் தளர்த்துவது, கொட்டாவி விட்டு உள்வாயைத் திறப்பது, உதடு அதிர 'ப்ர்ர்' என்பது, வாய்மூடி 'ம்' என்று முனகுவது, தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வரும்படி பாடுவது, எல்லாம் அடுத்தடுத்து வந்தன. இவற்றில் ஸ்ட்ரா பயிற்சியை நீங்கள் நாளைக்கே செய்யலாம். வாயின் முனை குறுகும்போது காற்று கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கும், நாண்கள் மோதிக்கொள்ளாமல் மெத்தென்று அதிரும். பல்லுக்கிடையில் பென்சிலைக் கடித்துக்கொண்டு பேசுகிற பயிற்சியை மட்டும் எங்கள் ஆசிரியர் சேர்த்துக்கொள்ளவில்லை. தளர்த்தப் பாடுபட்ட தாடையை நாமே ஏன் இறுக்க வேண்டும் என்பார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

உச்சரிப்புக்கு வந்தபோது நான் மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழாசிரியன் அல்லவா? 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்மேல் வழுக்கி விழுந்தான்' என்பதை நான் சொல்ல, பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர் தட்டவில்லை. "ழகரம் நன்றாக இருக்கிறது ஐயா. அது ஒன்றுதான் இருக்கிறது" என்றார். ழகரத்தைக் காப்பாற்றுகிற மும்முரத்தில் மற்ற எழுத்தையெல்லாம் விழுங்கியிருக்கிறேன். நம்மில் பலருக்கு இந்த வியாதி உண்டு. ழ வந்துவிட்டால் தமிழ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வந்து மறுபடி பிறப்பியலை எடுத்தேன், இந்த முறை கையில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு. அந்த வினைச்சொற்களைப் பாருங்கள். நா 'பரந்து', 'ஒற்ற', 'அணரி', 'வருட', 'வீங்கி'. நடிகனுக்கு இயக்குநர் சொல்கிற மாதிரியே இருக்கும். தகர நகரத்துக்கு நுனிநா பரந்து பல்லின் அடியில் ஒற்ற வேண்டும். ரகர ழகரத்துக்கு நுனிநா மேல்நோக்கி அண்ணத்தை வருட வேண்டும், அதாவது ஒட்டாமல் தடவிப் போக வேண்டும். றகரத்துக்கோ ஒற்றத்தான் சொல்கிறது. நாம் பள்ளியில் வல்லின றகரத்தை உருட்டு உருட்டென்று உருட்டுகிறோமே, அது நூற்பாவில் இல்லை. யாழ்ப்பாணத்தார் 'வெற்றி' என்று சொல்லும்போதும் மலையாளிகள் இரட்டை றகரம் சொல்லும்போதும் கேட்டுப் பாருங்கள், நாக்கு ஒற்றி நிற்பது தெரியும்.

ஆனால் என்னை நிஜமாகவே கவிழ்த்தது எழுத்து அல்ல, வாக்கியம். ஒத்திகையில் எனக்கு ஒரு சின்ன வேடம். வசனம் இவ்வளவுதான்: "அந்தக் கடிதத்தை நான் பிரிக்கவே இல்லை." கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் கத்தினார்: "பிரித்தீர்களா, இல்லையா? கடைசிச் சொல் கேட்கவில்லை!" மறுபடி சொன்னேன். மறுபடியும் கேட்கவில்லை. ஏழு தடவை.

நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. இல்லை என்பது அதற்கும் கடைசியில் வருகிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் மார்பு நிறைய மூச்சு இருக்கும், எழுவாயையும் செயப்படுபொருளையும் முழங்கிவிடுவோம். பயனிலைக்கு வரும்போது காற்று தீர்ந்திருக்கும். போதாக்குறைக்குப் பல சொற்கள் குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகின்றன. வந்தது, போயிற்று, கிடைத்தது. அந்த உகரத்துக்கு அரை மாத்திரைதான் அளவு. அந்த அரை மாத்திரைக்கும் காற்றில்லாவிட்டால் அதற்கு முந்தின வல்லினமும் சேர்ந்து அமுங்கிப்போகும். முன்வரிசைக்கு வாக்கியம் கேட்கும், பின்வரிசைக்குப் பாதி வாக்கியம்தான் கேட்கும். 19 வருடமாக என் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் புரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததன் காரணத்தில் கொஞ்சமாவது இது இருக்கும். கவனம் இல்லை என்று அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

தீர்வு, சத்தத்தைக் கூட்டுவதல்ல. வாக்கியத்தின் நீளம் பார்த்து மூச்சைப் பிரித்து வைத்துக்கொள்வதுதான். நூறு ரூபாயை வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர் வாசலிலேயே எண்பதைச் செலவழிக்க மாட்டார் இல்லையா?

மைக் இல்லாத காலத்து நடிகர்களுக்கு இதெல்லாம் பிழைப்போடு சேர்ந்தே வந்திருக்கும். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற கம்பெனிகளில் சின்னப் பையன்கள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ராத்திரி முழுக்கப் பாடிப் பேசினார்கள். ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதி சாதாரணம். மேலான சுருதி தூரம் போகும், ஆர்மோனியத்தைத் தாண்டும். வளர்கிற வயதில் பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட் என்கிற கதாநாயக வேடம் போய்விடும், சிலருக்குச் சோறும் போய்விடும். அந்தக் கெடுபிடியை நான் போற்றவில்லை. குரலை ஓர் உறுப்பாக மதித்துப் பழக்கினார்களே, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, வகுப்புக்குத் திரும்பிய கதை. அந்த வருடம் பிறப்பியலைக் கரும்பலகையில் எழுதவில்லை. ஆளுக்கொரு கண்ணாடி கொண்டுவரச் சொன்னேன். பொட்டு வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடி, பைக் கண்ணாடியைக் கழற்றி வந்தவனும் உண்டு. லகர ளகர நூற்பாவுக்கு வந்தோம். நாவிளிம்பு தடித்து, அண்ணத்தை 'ஒற்றவும் வருடவும்' லகார ளகாரம் பிறக்கும். நிரல்நிறையாக, அதாவது முதலுக்கு முதல், இரண்டாவதுக்கு இரண்டாவது என்று கொண்டு, லகரம் ஒற்றும், ளகரம் வருடும் என்று சொல்லிவிட்டு நகரப் போனேன். மூன்றாவது வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், எனக்கு ளகரத்துக்கும் நாக்கு ஒட்டுதே? வருடலையே?"

கண்ணாடியை வாங்கி நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் ஒட்டியது. நூற்பா தப்பா, உரை தப்பா, இத்தனை நூற்றாண்டில் நம் நாக்குதான் மாறிவிட்டதா? தெரியவில்லை என்று சொன்னேன். எல்லாரும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் என்றேன். 62 பேரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ள, ள, ள என்று ஆரம்பித்தார்கள். கணக்கு வாத்தியார் எழுந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.