தகிட தகிட தகிட தக தக

நேயர்களுக்கு வணக்கம். ஒரு சின்ன வேலை கொடுத்து ஆரம்பிக்கிறேன். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வாயால் சொன்னால் போதும், சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் தொடையில் தட்டுங்கள். தகிட, தகிட, தகிட, தக, தக. நிறுத்தாமல் மறுபடியும்: தகிட, தகிட, தகிட, தக, தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கும் ஒரு தட்டு. நாலைந்து சுற்று போனதும் எங்கோ ஓரிடத்தில் லேசாக இடறும். அந்த இடறலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நீங்கள் தட்டியது 1984-இல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தின் முகப்பு இசையில் அடியில் ஓடும் தாளம். இரும்பில் இரும்பு மோதுகிற மாதிரி ஒரு சத்தம் வருமே, அதுதான். இசையமைத்தவர் பிராட் ஃபீடல். பெரிய வாத்தியக் குழு கிடையாது, எல்லாம் சின்தசைசர் வேலை. அந்த இரும்புச் சத்தத்துக்கு அவர் பயன்படுத்தியது சமையலறை வாணலி! அதைத் தட்டிப் பதிவு செய்து, அந்தக் காலத்துக் கருவியில் லூப்பாக, அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும்படி, ஓடவிட்டார். லூப் எங்கே முடிந்து எங்கே தொடங்க வேண்டும் என்பதைப் பொத்தானை அமுக்கிக் கையால் சொல்ல வேண்டிய காலம் அது. அவர் அமுக்கியது ஒரு துளி முந்திவிட்டது. அடியில் ஒரு துணுக்கு உதிர்ந்து போய், மிச்சம் இருந்தது மட்டும் சுற்ற ஆரம்பித்தது. கேட்டுப் பார்த்தார், அந்த நொண்டல் பிடித்துப் போனது, அப்படியே விட்டுவிட்டார்.

முப்பது வருஷம் கழித்து, 2014-இல், 'ஸ்லேட்' இதழில் எழுதும் சேத் ஸ்டீவன்சன் இந்த இசைக்குத் தட்டிப் பார்த்தார். எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை. மண்டையைக் குடைந்து, தெரிந்தவர்களிடம் சரிபார்த்து, கடைசியில் ஃபீடலிடமே கேட்டார். விடை 13/16, அதாவது ஒரு சுற்றுக்குப் பதின்மூன்று குட்டித் துடிப்பு. மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. கூட்டிப் பாருங்கள், பதின்மூன்று. போட்டவருக்கே அது பதின்மூன்று என்ற எண்ணம் போடும்போது இல்லை.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "இந்தப் பாட்டு என்ன டைம் சிக்னேச்சர் சார், செவன் எய்ட்டா?" என்று கேட்கிற பிள்ளைகளிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். கணக்கு கடைசியில் வரட்டும், முதலில் பாட்டு எங்கே திரும்புகிறது என்று பிடி. நம் தாளப் பேச்சில் சொன்னால், சமத்தை, அதாவது சுற்று தொடங்கும் இடத்தைப் பிடி. சமத்துக்கும் அடுத்த சமத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதை வாயால் இரண்டாகவும் மூன்றாகவும் உடைத்துச் சொல். எண் தானாக வந்து விழும்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால் ஏன் சரிப்படாது? வேகமான பாட்டில் 'பதினொன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் பதின்மூன்று போயிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், எண்ணுவதற்குத் தெரிந்த கை நான்கு நான்காகவே எண்ணும். பழக்கம் அப்படி. தகிட, தகதிமி என்ற சொற்கட்டு வந்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மூன்றுக்கு ஒரு ருசி, நான்குக்கு ஒரு ருசி. வாய் அதை எண்ணாமலே தெரிந்துகொள்ளும். மிருதங்கம் கற்கிற எட்டு வயதுப் பிள்ளை 'தகதகிட' என்று சொல்லும்போது அது ஐந்து என்று நினைத்துக்கொண்டா சொல்கிறது?

சரி, ஐந்திலிருந்து தொடங்கலாம். 'டேக் ஃபைவ்' என்று ஒரு ஜாஸ் இசை, 1959-இல் டேவ் புரூபெக் குழு வெளியிட்டது, எழுதியவர் அந்தக் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். அதன் அடி மூன்றும் இரண்டும்: தகிட தக, தகிட தக. நம் கண்ட சாபுவில் இரண்டு முதலில், மூன்று பிறகு. இதில் திருப்பிப் போட்டிருக்கிறது. இரண்டும் ஐந்துதான், ஆனால் மாற்றித் தட்டிப் பாருங்கள், வேறு வண்டியில் ஏறின மாதிரி இருக்கும். அதே தொகுப்பில் புரூபெக் எழுதிய இன்னொன்று ஒன்பது அடி. துருக்கியில் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் அவர் கேட்டு வந்த தாளம் அது. ஒன்பது என்றதும் நாம் உடனே மூன்று மூன்றாகப் பிரிப்போம். அவர்கள் வாசித்தது தக தக தக தகிட. கடைசியில் ஒரு சின்ன துள்ளல்.

'மிஷன் இம்பாசிபிள்' தெரியாதவர் இருக்க மாட்டார்கள். 1966-இல் தொலைக்காட்சித் தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் போட்டது. நீளம் நீளம் குட்டை குட்டை. தகிட தகிட தக தக. பத்து அரை அடிகள், அதாவது ஐந்து அடி, 5/4. இப்போது முதலில் நீங்கள் தட்டியதை நினைத்துப் பாருங்கள். இதோடு ஒரு தகிட சேர்த்தால் டெர்மினேட்டர்! ஒன்று ஐந்தாம், ஒன்று பதின்மூன்றாம், தாளில் எழுதினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே தெரியாது. வாயால் சொன்னால் அண்ணன் தம்பி. 1996-இல் படமாக வந்தபோது யு2 குழுவைச் சேர்ந்த ஆடம் கிளேட்டனும் லாரி மல்லனும் இதை நடன விடுதிக்கு ஏற்றபடி நான்கில் போட்டார்கள். அது நன்றாக விற்றது. எனக்கென்னவோ பல் பிடுங்கின மாதிரி இருக்கும்.

இனி, எல்லாரும் ஏமாறுகிற இடம். நொண்டுகிற மாதிரி கேட்டால் அது ஒற்றைப்படைத் தாளம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கோல்ட்ப்ளேயின் 'கிளாக்ஸ்' பாட்டில் பியானோ தகிட தகிட தக, தகிட தகிட தக என்று ஓடும். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. அடியில் டிரம்ஸ் பாட்டுக்கு நேராக நான்கு போட்டுக்கொண்டிருக்கிறது. இது 4/4 தான், உள்ளே அழுத்தத்தைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது புதிதா என்ன? பல்லவி சமத்தில் எடுக்காமல் தள்ளி எடுத்தால் அனாகதம், முந்தி எடுத்தால் அதீதம். எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், எங்கே இருந்தாலும் தாளம் அதே எட்டடி ஆதிதான், பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். பாப் பாட்டில் பக்கத்து இருக்கைக்காரருக்குப் பதில் பாஸ் கிட்டாரையும் கிக் டிரம்மையும் பாருங்கள். பாடகர் குரலை நம்பவே நம்பாதீர்கள்.

ரேடியோஹெட் குழுவின் 'பிரமிட் சாங்', 2001. ஆரம்பத்தில் பியானோ மட்டும். மிதந்துகொண்டே இருக்கும், காலடியில் தரை தட்டாது. பாதிப் பாட்டு போனபின் டிரம்ஸ் நுழையும்போதுதான் வழி தெரியும். நான் பிரிப்பது இப்படி: தகிட தகிட தகதிமி தகிட தகிட. முன்னாலிருந்து சொன்னாலும் பின்னாலிருந்து சொன்னாலும் ஒன்று. கூட்டினால் பதினாறு! இத்தனை அலையவிட்டுப் பதினாறு. வேறு மாதிரி பிரிப்பவர்களும் உண்டு, சண்டை போட நான் தயாரில்லை.

உண்மையான ஒற்றைப்படையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவில்லாதது. பாட்டுக்குக் காலால் தட்டிக்கொண்டே இருங்கள், சீராக, எதையும் யோசிக்காமல். ஏழு துடிப்புள்ள சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு துடிப்புக்கு ஒரு தட்டு தட்டுகிறீர்கள். முதல் சுற்று தொடங்கும்போது கால் கீழே இருக்கும். அடுத்த சுற்று தொடங்கும்போது கால் மேலே தூக்கியிருக்கும். மூன்றாவதில் மறுபடி கீழே. சுற்றுக்குச் சுற்று கால் இப்படி மாறி நின்றால் ஒற்றைப்படை. எத்தனை சுற்றானாலும் கால் ஒரே இடத்தில் இருந்தால், எவ்வளவு நொண்டினாலும் அது இரட்டைப்படை, தைரியமாகச் சொல்லலாம்.

பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாட்டில் இதைச் செய்து பாருங்கள். 1973. காசு கொட்டுகிற சத்தம், காகிதம் கிழிகிற சத்தம், கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம், எல்லாவற்றையும் டேப்பில் பதிவு செய்து, அடிக்கோல் வைத்து அளந்து வெட்டி, ஒட்டி, லூப்பாக்கினார்கள். ஏழு அடிக்கு ஏழு துண்டு. தாளத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம், அப்படி ஒரு காலம். இன்னொன்று: கிட்டார் தனியாக வாசிக்கும் பகுதி வந்ததும் பாட்டு ஏழை விட்டு நான்குக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் நமக்கு மூச்சு வரும். ஏழு நடுவில் நான்கானதை எண்ணாமலே உடம்பு சொல்லும்.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஒரு பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டை வெட்டிச் சுருக்கித் தரச் சொன்னார்கள். கணினியில் போட்டேன். திரையில் கோடு நான்கு நான்காக இருந்தது, நானும் கோடு பார்த்து வெட்டினேன். ஒட்டின இடம் காதுக்குப் பழுதாகத் தெரியவில்லை. மேடையில் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் இடது காலில் தொடங்க வேண்டியவர்கள் வலது காலில் தொடங்கினார்கள், பாதிப் பேர் தொடங்கவே இல்லை. பாட்டு ஏழில் இருந்திருக்கிறது. ஒரு அடியை நான் முழுங்கிவிட்டேன். பத்து வருஷம் ஏழடி மிஸ்ர சாபு தட்டின கை இது! நடன ஆசிரியை பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் மின்னணு இசை பெரும்பாலும் நான்கிலேயே ஏன் நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் அதுதான். ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின் 1980-இல் வந்தது. அதன் முன்புறத்தில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். எந்தப் பொத்தானை அமுக்குகிறோமோ அங்கே அடி விழும். பதினாறு வரை போய்த் திரும்பும். வேண்டுமானால் பதின்மூன்றிலோ பதினான்கிலோ திரும்பச் சொல்லலாம், ஆனால் கண் முன்னே பதினாறு இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்? அப்புறம் டிஜேக்களின் தொல்லை. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன்மேல் ஏற்ற வேண்டும். நான்கின் மேல் நான்கை ஏற்றினால் சமமும் சமமும் ஒன்றாக விழும். நான்கின் மேல் ஏழை ஏற்றினால் இருபத்தெட்டு அடிக்கு ஒருமுறைதான் இரண்டும் சந்திக்கும். அதற்குள் ஆடுகிற கூட்டம் தண்ணீர் குடிக்கப் போயிருக்கும்.

கனடாவின் ஆரன் ஃபங்க், வெனிஷன் ஸ்னேர்ஸ் என்ற பெயரில் இசை போடுகிறவர், இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2005-இல் ஹங்கேரிய மொழியில் தலைப்பு வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். வயலின்களோடு தறிகெட்டு ஓடுகிற டிரம்ஸ், பெரும்பாலும் ஏழில். அடி அவ்வளவு பொடியாக நறுக்கப்பட்டிருக்கும், அதை எண்ண முயன்றால் தலை வலிக்கும். அங்கே டிரம்ஸை விட்டுவிட்டு வயலின் சொற்றொடர் எங்கே திரும்புகிறது என்று பிடியுங்கள். பிடி கிடைத்ததும் தகிட தகதிமி சொல்லிப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இந்தத் திரும்பத் திரும்ப வரும் அடி சட்டம் வரைக்கும் போனது. 1994-இல், வெட்டவெளியில் ராத்திரி முழுக்க நடக்கும் ரேவ் நடனக் கூட்டங்களை அடக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எந்த இசை என்று சொல்ல வேண்டுமே? திரும்பத் திரும்ப வரும் அடிகள் தொடர்ச்சியாக ஒலிப்பதும் இதில் அடக்கம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். இதை எதிர்த்து ஆட்டெக்கர் என்ற இருவர் குழு அதே வருஷம் ஒரு இசைத்தட்டு போட்டது. அதில் 'ஃப்ளட்டர்' என்று ஒரு உருப்படி. எந்த இரண்டு சுற்றிலும் ஒரே மாதிரி அடி வராதபடி நிரல் எழுதியிருந்தார்கள். உறை மேல் ஒட்டிய தாளில் டிஜேக்களுக்கு ஒரு புத்திமதி: போலீஸ் வந்தால், இதில் அடி திரும்பத் திரும்ப வரவில்லை என்று காட்டுவதற்கு, ஒரு வக்கீலையும் ஒரு இசை ஆய்வாளரையும் எப்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்! வேடிக்கை என்னவென்றால், அதைப் போட்டுக் கேட்டால் ஆடலாம். அடி ஒவ்வொரு சுற்றும் வேறு, ஆனாலும் திரும்புகிற இடம் காதுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். அவுட்காஸ்ட் குழுவின் 'ஹே யா', 2003. உலகம் முழுக்கக் கல்யாணங்களில்கூட ஆடிய பாட்டு. அதில் நான்கு, நான்கு, நான்கு, பிறகு ஒரு இரண்டு, மறுபடி நான்கு, நான்கு. மொத்தம் இருபத்திரண்டு. நடுவில் அந்த இரண்டு எங்கே வருகிறது என்று ஆடினவர்களைக் கேட்டால் தெரியாது. ஒருவரும் தடுக்கி விழவும் இல்லை. இதில் என் கால் வித்தை பலிக்காது, இருபத்திரண்டு இரட்டைப்படை. கைதட்டல் சத்தத்தைப் பின்தொடர்ந்து, நான்கு நான்காக விரல் மடக்கிக்கொண்டே வாருங்கள். நான்காவது விரல் மடங்கும்போது பாட்டு உங்களைவிட இரண்டடி முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

என் நேரம் முடிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையசைக்கிறார்கள். அடுத்து ஒரு வாத்திய இசை வைத்திருக்கிறார்கள், தேர்ந்தெடுத்தது நான்தான். எத்தனை என்று சொல்ல மாட்டேன். காலைத் தட்டிக்கொண்டே கேளுங்கள், இரண்டாவது சுற்றில் கால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வணக்கம்.